பல் வலிக்காதபோது பல் டாக்டரிடம் எத்தனை தடவை போக வேண்டும்?

கேள்வி கேட்டவருக்கு 34 வயது. பல்லில் தொந்தரவு எதுவும் இல்லை. போன மாதம் கிளீனிங் செய்யப் போனபோது, "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வலியே இல்லாதபோது இது தேவைதானா, இல்லை வருமானத்துக்காகச் சொல்கிறார்களா என்று கேட்கிறார். வீட்டில் ஆறு வயதுப் பையன், பத்து வருஷமாகச் சுகர் இருக்கிற அப்பா, சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை போடுகிற அம்மா. இவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பது அடுத்த கேள்வி.

நான் பல் மருத்துவர், காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் 18 வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆறு மாதம் கட்டாயமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை போதும், ரெண்டு மூன்று வருஷம் தொடர்ந்து எல்லாம் சரியாக இருந்தால் அந்த இடைவெளியை இன்னும்கூட நீட்டலாம். பையனுக்கு ஆறு மாதம் சரி. அப்பாவுக்கு ஆறு மாதம் என்பதே தாமதமாக இருக்கலாம். அம்மாவுக்கு மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு கணக்கு ஏன் வருகிறது என்பதுதான் விஷயமே.

இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் மருத்துவ ஆராய்ச்சி எதுவும் கிடைக்காது. அமெரிக்காவில் 1930களில் வானொலிதான் வீட்டுக்கு வீடு பொழுதுபோக்கு. அதில் பெப்சோடென்ட் பற்பசைக்காரர்கள் நடத்திய ஒரு நிகழ்ச்சியில், தினம் ரெண்டு தடவை இந்தப் பேஸ்ட்டில் பல் துலக்குங்கள், வருஷத்துக்கு ரெண்டு தடவை பல் டாக்டரைப் பாருங்கள் என்று விளம்பரம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது ஜனங்கள் வாயில் நின்றுவிட்டது, டாக்டர்கள் வாயிலும் நின்றுவிட்டது. 1977இல் ஆப்ரி ஷீஹம் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் லான்செட் என்ற மருத்துவ இதழில், ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை என்பதற்கு அறிவியல் அடிப்படை இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்டார். அப்புறம் 2004இல், டாக்டர்களுக்கு வழிகாட்டுதல்கள் வகுக்கிற பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதற்கும் ஒன்று கொண்டுவந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள், பெரியவர்களுக்கு 3 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள், அவரவர் வாயின் நிலையைப் பார்த்து டாக்டர் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 51 பல் மருத்துவமனைகளில் 2,372 பெரியவர்களை நாலு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். சிலரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள், சிலருக்கு டாக்டர் அவரவர் நிலைக்கு ஏற்ப இடைவெளி சொன்னார், சிலரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். 2020இல் முடிவு வெளியானது. ஈறில் ரத்தம் கசிவதிலோ சொத்தையிலோ இந்தக் குழுக்களுக்கு இடையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளீனிங் செய்தவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை செய்தவர்கள், செய்யாமலே விட்டவர்கள் என்று மூன்று குழுக்களை மூன்று வருஷம் ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் ஈறின் நிலை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் போகவே வேண்டாம் போலிருக்கிறதே என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது, அதனால்தான் இந்த ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஒழுங்காக டாக்டரைப் பார்த்துவந்தவர்கள். ரெண்டு வருஷக் குழுவில் எல்லோரையும் போடவும் இல்லை, இவருக்கு ரெண்டு வருஷம் விட்டால் ஆபத்தில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டவர்களை மட்டும்தான் போட்டார்கள். தீவிர ஈறு நோய் உள்ளவர்கள் கிளீனிங் ஆய்வில் இல்லை. நம் ஊரில் என்னிடம் முதல் தடவையாக வருகிற பத்து பேரில் ஏழெட்டுப் பேர், 40 வயதில், 50 வயதில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பல் நாற்காலியில் உட்காருகிறவர்கள். அதுவும் மூன்று நாள் தூங்காமல், கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்து, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, எதுவும் கேட்காத பிறகு வருகிறவர்கள். இங்கே பிரச்சினை ஆறு மாதமா பன்னிரண்டு மாதமா என்பது இல்லை. வலி வந்தால்தான் பல் டாக்டர் என்று இருப்பதுதான் பிரச்சினை.

வலியை நம்பி ஏன் இருக்கக் கூடாது என்றால், பல்லில் வலி கடைசியாகத்தான் வரும். பல்லின் மேல் உறையான எனாமலில் நரம்பே கிடையாது. சொத்தை அதைத் துளைத்துக்கொண்டு போகிற மாதங்களில், சில சமயம் வருஷங்களில், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அதற்கு அடியில் இருக்கிற டென்டின் பகுதிக்குப் போனதும் ஐஸ்கிரீம் சாப்பிட்டால், இனிப்புச் சாப்பிட்டால் சுரீர் என்கும், அதையும் பல் கூச்சம் என்று சொல்லிவிட்டுக் கூச்சத்துக்கான பேஸ்ட்டை வாங்கிக்கொள்வோம். ராத்திரி படுத்ததும் விண் விண் என்று தெறிக்கிற வலி வரும்போது சொத்தை நரம்பையே எட்டியிருக்கும். முதல் கட்டத்தில் வந்திருந்தால் ஒரே உட்காரலில் சில நூறு ரூபாயில் அடைத்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் வேர் சிகிச்சை, மேலே கேப், ரெண்டு மூன்று தடவை அலைச்சல், ஆயிரக்கணக்கில் செலவு. அதற்கு வசதியில்லாதவர்கள் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள், 30 வயதுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

ஈறு நோய் இதைவிட மோசம், அது கடைசிவரை வலிக்காமலே போகும். பல்லில் படிகிற அழுக்கு உமிழ்நீரில் இருக்கிற கால்சியத்தோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், காரை என்போம். ஒருதடவை இறுகிவிட்டால் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. அது ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிற எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பல் துலக்கும்போது ரத்தம் வருவதுதான் முதல் அறிகுறி. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் பிரஷ் போடுவதையே விட்டுவிடுகிறார்கள், அழுக்கு இன்னும் சேர்கிறது. புகை பிடிப்பவர்களுக்கு அந்த ரத்தம்கூட அவ்வளவாக வராது, நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு பார்க்க நன்றாக இருக்கிற மாதிரியே இருக்கும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

கிளீனிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, இந்தக் கேள்வியைத் தினமும் ஒருவராவது கேட்கிறார். காரையே பல்லுக்குப் பல் முட்டுக்கொடுத்துப் பிடித்துவைத்திருந்த வாயில் காரையை எடுத்தால் ஏற்கெனவே தளர்ந்திருந்த பல் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எலும்பு கரைந்தது கிளீனிங்கால் இல்லை. காரையை எடுக்காமல் விட்டால் அந்தப் பல் ஒருநாள் தானாகவே கையோடு வந்துவிடும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் இதே மாதிரிதான், பல்லுக்குப் போகிற நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புகை, புகையிலை இல்லை, சுகர் இல்லை, ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டில் ரெண்டு வேளை துலக்குகிறீர்கள், கடந்த மூன்று வருஷத்தில் புதுச் சொத்தை எதுவும் வரவில்லை, ஈறில் ரத்தம் இல்லை என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை போதும். இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால்கூடக் கணக்கு மாறும். அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 5,117 பேருடைய 16 வருஷப் பதிவுகளைப் பார்த்து 2013இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புகை, சுகர், ஈறு நோய்க்கான ஒரு மரபணு வகை, இந்த மூன்றும் இல்லாதவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போனாலும் ரெண்டு தடவை போனாலும் பல் இழப்பில் வித்தியாசம் இல்லை. மூன்றில் ரெண்டோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு ரெண்டு தடவைகூடப் போதாமல் இருக்கலாம் என்றார்கள். உங்களுக்கு ஆறு மாதம் என்று சொன்ன டாக்டரைத் தப்பாக நினைக்க வேண்டாம். அவரிடம் "எனக்கு ஏன் ஆறு மாசம், என் வாயில என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். ரெண்டு இடத்தில் காரை சீக்கிரம் சேர்கிறது, ஒரு பல்லில் சொத்தை ஆரம்பிக்கிற மாதிரி இருக்கிறது, அதைக் கவனிக்கணும் என்று சொன்னால் அது நியாயமான பதில்.

பையன் விஷயத்தில் ஆறு மாதம் என்பதற்கு நான் முழு மனதோடு கையெழுத்துப் போடுவேன். ஆறு வயது என்பது ரொம்ப முக்கியமான வயது. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், ஈறில் வெறும் இடமாக இருந்த இடத்தில் ஒரு புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனித்தாலும் பால் பல் என்றே நினைப்பார்கள். அதுதான் அவனுடைய முதல் நிலையான பல், இனி ஆயுசுக்கும் அது ஒன்றுதான். போன வாரம்கூட ஒன்பது வயதுப் பெண் குழந்தையை அழைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பின் பல்லில் ஓட்டை, உள்ளே ஒரு மிளகே போகும் அளவுக்கு. "பால் பல்லுதானே சார், விழுந்து முளைச்சிடும்னு விட்டுட்டோம்" என்றார். கண்ணாடியைப் பாப்பாவின் கையில் கொடுத்து, முன்னாலிருந்து ஒவ்வொரு பல்லாக அம்மாவையே எண்ணச் சொன்னேன். ஆறாவது பல்லில் விரல் நின்றதும், அது விழாத பல் என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. ஆறு வயதில் ஒரு தடவை காட்டியிருந்தால், அந்தப் பல்லின் மேல் பள்ளங்களில் சோறும் பிஸ்கட்டும் போய் ஒட்டாமல் இருக்க சீலன்ட் என்று ஒரு பூச்சுப் போட்டிருப்போம், வலிக்காது, ஊசி கிடையாது, சில நிமிஷ வேலை. குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும், எப்படியும் ஒரு வயதுக்குள், ஒரு தடவை காட்ட வேண்டும் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்வது. முக்கியமாக, பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிற குழந்தைகளுக்கு முன் பற்கள் வரிசையாகக் கறுத்துப் போவதை அப்போதே தடுக்கலாம்.

அப்பாவுக்குப் பத்து வருஷச் சுகர். சுகர் கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் வேகமாகப் போகும், ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சுகர் கட்டுக்குள் வருவது கஷ்டம், ரெண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். ஈறு நோய்க்குச் சரியான சிகிச்சை கொடுத்தால் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டுகிற எச்பிஏ1சி அளவு, மூன்று நாலு மாதத்தில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும், ஒரு மாத்திரை கூடுதலாகச் சேர்ப்பதைத் தள்ளிப்போட அதுவே சிலருக்குப் போதும். சுகருக்கு வருஷா வருஷம் கண்ணையும் காலையும் பார்க்கிறோம், வாயை மட்டும் விட்டுவிடுகிறோம். அவருக்கு முதலில் ஈறின் ஆழத்தை அளந்து பார்க்கட்டும். நோய் இருந்தால் சிகிச்சை முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நன்றாக இருந்தால் ஆறு மாதம். போகும்போது அவர் சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை இருந்தால், பல் டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று அவராக நிறுத்தக் கூடாது, அது பெரிய ஆபத்து.

கர்ப்பமாக இருக்கிறவர்களும் ஒரு தடவை காட்டுவது நல்லது. ஹார்மோன் மாற்றத்தில் ஈறு வீங்கி ரத்தம் வரும், வயிற்றில் குழந்தை இருக்கும்போது பல் டாக்டரிடம் போகக் கூடாது என்று சொல்லிப் பத்து மாதமும் வலியோடு இருக்க வேண்டியதில்லை, நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம்.

பரிசோதனை என்று சொல்லிவிட்டுக் கிளீனிங் மட்டும் செய்து அனுப்பினால் அது பரிசோதனை இல்லை. ஒவ்வொரு பல்லையும் காற்றடித்துக் காயவைத்துப் பார்க்க வேண்டும். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்க்க வேண்டும், 3 மில்லிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் போனால் கவனிக்கணும். கன்னத்தின் உள்பக்கம், அண்ணம், நாக்குக்கு அடியில், பிறகு துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்து ரெண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே தேவையில்லை, பிரச்சினை இல்லாத பெரியவர்களுக்கு ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். பல்லில் பழுப்புக் கோடு தெரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அடைத்துவிடவும் வேண்டாம், கறையாக இருக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் பல்லில் இருக்கிற பழுப்பு நிறம் பெரும்பாலும் அந்த நிலத்தடித் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடால் வந்தது, சொத்தை இல்லை. சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், இதில் கோபப்பட எதுவும் இல்லை.

பணம் ஒரு தடை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலிருந்து இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023இல் ஒன்று திறந்தார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளி கிளினிக்கைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். மாணவர்கள் செய்வார்கள், பக்கத்தில் பேராசிரியர் நின்று பார்ப்பார், நேரம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், வேலை பொறுமையாக நடக்கும்.

இப்போது அம்மா. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதுதான் மனதில் நிற்க வேண்டும் என்பது. எங்கள் பக்கம் வெற்றிலை மரியாதை, விருந்து, சடங்கு எல்லாம்தான், வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. பாக்குதான் பிரச்சினை, புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிக்கையே வெளியிட்டது. இந்தியாவில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னால் நிற்கிறது, நம் பக்கம் வயல் வேலைக்குப் போகிற பெண்களுக்கும் வருகிறது.

பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996இல் ஆரம்பித்த ஒரு ஆய்வு உண்டு. 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1.9 லட்சம் பேர். அதில் 7 பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற பணியாளர்கள், டாக்டர்கள்கூட இல்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள், சந்தேகமானவர்களை அனுப்பிவைத்தார்கள். 2005இல் லான்செட்டில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோயால் சாவது 34 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தில்லை, இயந்திரமில்லை, வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். பல் பரிசோதனையில் ஒரு உயிரை நேரடியாகக் காப்பாற்றுகிற பகுதி இதுதான் என்பேன்.

இன்றைக்குச் சாயந்தரமே அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் போக வேண்டும். ரெண்டுதான் போகிறது என்றால், பாக்கினால் கன்னத்தின் உள்பக்கம் நார் நாராக இறுக ஆரம்பித்திருக்கலாம், ரசம் சோறே காரமாக எரிகிறது என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் இதே கணக்கு. அப்புறம் செல்போன் டார்ச்சை அடித்து, அவர் வெற்றிலையை அடக்கிக்கொள்கிற பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த இடம், தொட்டால் கெட்டியாக இருக்கிற புண், மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், இதில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோய் ஆகாது, நிறையப் பேருக்குப் பழக்கத்தை விட்ட சில மாதங்களிலேயே மறைந்தும் போயிருக்கிறது. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்பதைச் சின்னத் துண்டு எடுத்துச் சோதித்துத்தான் சொல்ல முடியும், நீங்களும் நானும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அதற்குப் பிறகு பழக்கம் இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பல்லெல்லாம் விழுந்து செட் கட்டியவர்களுக்கும் இது பொருந்தும். "பல்லே இல்ல, பல் டாக்டர் எதுக்குடா" என்று என் பாட்டியே கேட்டிருக்கிறார். கன்னமும் நாக்கும் இருக்கிறதே ஆத்தா என்று சொல்லித்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா வர மறுத்தால் பையனுக்குப் பல் காட்டப் போகிறோம், துணைக்கு வாருங்கள் என்று சொல்லி அழைத்துப் போங்கள், பேரன் நாற்காலியிலிருந்து இறங்கியதும் பாட்டி உட்கார்ந்துவிடுவார்.